ஒத்தக்கொம்பு, கானா, காலு

சிலேட்டில் 'கொ' எழுதக் கற்றுக்கொண்ட நாள் நினைவில்லை. எழுதிய வரிசை மட்டும் கையில் தங்கியிருக்கிறது. முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்ல, வகுப்பே ராகம் போட்டு, "ஒத்தக்கொம்பு, கானா, காலு" என்று திருப்பிச் சொல்லும். வாயில் வருவது ஒரே ஓசை, கையில் வருவது மூன்று உருவம். அந்த வரிசை மாறக்கூடும் என்று அந்த வயதில் யார் நினைத்தார்கள்?

2006-இல் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நானும் அண்ணனும். கூடப் பிறந்தவர் இல்லை. ஒரே தெரு, என்னைவிட எட்டு வயது மூத்தவர், எனக்கு சி மொழி சொல்லிக்கொடுத்தவர். முன்மேசையில் விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளே லேபில் லினக்ஸ். ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டும். ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தோடு தமிழும் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தாளை வாங்கிய கையோடு முன்மேசை அக்காவிடமே நீட்டி, "இதுல என்னத்தா போட்டிருக்கு?" என்று கேட்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இரண்டு வாரத்தில் பைத்தானும் டிகே-யும் வைத்து எழுதி முடித்தேன். ஜன்னலும் பட்டனும் வரைந்து கொடுக்கும் டூல்கிட்டுகளில் டிகே எனக்குப் பிடித்தது. ஜான் ஓஸ்டர்ஹவுட் பெர்க்லியில் தன் டிசிஎல் மொழிக்குத் துணையாக உருவாக்கியது. ஐந்து வரி எழுதினால் ஒரு ஜன்னல் எழுந்து நிற்கும். லேபில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதை ஓட்டிக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். திரையில் 'மொத்தக் கொழுப்பு' என்று வந்திருக்க வேண்டிய இடம் அது.

"தம்பி, கொம்பு இடம் மாறி நிக்குது."

க தனியாக நின்றது. அதற்குப் பின்னால் கொம்பு, அதை ஒட்டிக் கால். ழு-வின் அடிச்சுழி ழ-வோடு சேராமல் பக்கத்தில் தனியாகக் கிடந்தது. ப் மேல் உட்கார வேண்டிய புள்ளி வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தது. ஒரே சொல்லில் மூன்று வகை முறிவு. கொழுப்பு என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது. முன்னால் போய் நிற்க வேண்டிய கொம்பு ஒன்று, மெய்யோடு உருகி ஒரே உருவாக வேண்டிய உகரம் இரண்டு, தலைமேல் ஏற வேண்டிய புள்ளி ஒன்று. தமிழ் எழுத்தைத் திரையில் வரைவதில் உள்ள சிக்கல் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

அதற்கு முந்தைய மென்பொருளில் இந்தச் சிக்கல் வந்ததில்லை. அது விஷுவல் பேசிக் 6-இல் அண்ணன் எழுதியது, ஓடியது விண்டோஸ் 98-இல். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த 8-பிட் எழுத்துரு. அதில் கொம்பு ஒரு தனி எழுத்து, கால் ஒரு தனி எழுத்து. அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். சிலேட்டின் வரிசையேதான். அவர் அடித்த வரிசையிலேயே கம்ப்யூட்டர் சேமித்தது, சேமித்த வரிசையிலேயே வரைந்தது. டூல்கிட்டுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முழுப் பாரத்தையும் அக்காவின் விரல்கள் சுமந்தன.

ஆனால் பெயர்ப்பட்டியலை அகர வரிசையில் கேட்டால் செல்வி, பெருமாள், வெள்ளைச்சாமி எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து நிற்பார்கள், ஏனென்றால் அந்தக் கணக்கில் எல்லோருடைய பெயரும் கொம்பில்தான் தொடங்குகிறது. 'ச' என்று தேடினால் செல்வி வரமாட்டார்.

புதிய மென்பொருளில் நாங்கள் பயன்படுத்திய யூனிகோட் குறியாக்கம் இதைத் திருப்பிப் போட்டது. அது கண்ணுக்குத் தெரியும் வரிசையை விட்டு, காதுக்குக் கேட்கும் வரிசையை எடுத்துக்கொண்டது. க முதலில், ஒகரம் பின்னால். உயிர்மெய்யில் மெய் முன்னால் ஒலிக்கும், உயிர் பின்னால் வரும் என்று தொல்காப்பியம் சொல்வதும் அதைத்தான். செல்வி ச-வுக்கும் பெருமாள் ப-வுக்கும் திரும்பிப் போனார்கள். ஆனால் ஓசை வரிசையில் சேமித்ததை உருவ வரிசையில் வரைய யாராவது வேண்டுமே. அந்தப் பாரம் அக்காவின் விரலிலிருந்து இறங்கி டூல்கிட்டின் தலையில் ஏறியது. டிகே லினக்ஸில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போனது. ஆங்கிலத்துக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் தொடங்கிய வாதம் எங்களுக்குள் மூன்று வருஷம் ஓடியது.

அண்ணன் க்யூடி-யின் பக்கம். அதைப் படைத்தவர்கள் 'க்யூட்' என்று உச்சரிக்கச் சொல்கிறார்கள், நாங்கள் க்யூடி என்றே பழகிவிட்டோம். அது பிறந்த கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். நார்வேயின் ட்ரான்ட்ஹைமில், 1990 கோடையில், ஹாவர்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் அல்ட்ராசவுண்ட் படங்களைச் சேமிக்கும் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். யுனிக்ஸ், மெக்கின்டோஷ், விண்டோஸ் மூன்றிலும் அது ஓட வேண்டும். வெயில் காய வெளியே வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், மூன்றுக்கும் பொதுவான ஒன்றைத் தாங்களே எழுதிவிடலாம் என்ற பேச்சு வந்தது. பல வருஷம் வருமானமில்லாமல் எழுதினார்கள், மனைவிமார்களின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. 1994-இல் நிறுவனம் தொடங்கி, 1995 மே மாதம் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். "பாத்தியா தம்பி, அதுவும் ஸ்கேன் சென்டர் வேலையிலதான் ஆரம்பிச்சிருக்கு" என்பார் அண்ணன். அந்த ஒற்றுமை அவருக்குப் பெரிய பலமாக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான்.

ஆனால் நான் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் பக்கம் நின்றேன். அதுவும் ஒரு தேவையில் பிறந்ததுதான். 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவுப் பயன்பாட்டு நிலையத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது. பெயரில் உள்ள டபிள்யூ விண்டோஸுக்கு, எக்ஸ் யுனிக்ஸின் எக்ஸ் விண்டோவுக்கு. க்யூடி தன் பட்டனைத் தானே வரைந்துகொள்ளும். பார்க்க விண்டோஸ் பட்டன் போலவே இருக்கும், ஆனால் விண்டோஸுக்கு அது பட்டன் என்றே தெரியாது. டபிள்யூஎக்ஸ் அப்படியில்லை. விண்டோஸில் விண்டோஸின் பட்டனையே கேட்டு வாங்கி வைக்கும், லினக்ஸில் ஜிடிகே என்ற டூல்கிட்டின் பட்டனை வாங்கி வைக்கும்.

என் கட்சி இதுதான்: தமிழ் எழுத்தை வரைவது லேசான வேலை இல்லை. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்ட் யூனிஸ்க்ரைப் என்ற நூலகம் வழியாக அதைச் செய்துவைத்திருக்கிறது. ஜிடிகே 2002-இல் இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது பாங்கோ என்ற நூலகத்தைச் சேர்த்துக்கொண்டது. கிரேக்கத்தின் 'பான்' என்றால் எல்லாம், ஜப்பானியத்தின் 'கோ' என்றால் மொழி. பெயரிலேயே எல்லா மொழியையும் ஏற்றுக்கொண்டு வந்த நூலகம் அது. ஊரில் தச்சர் இருக்கும்போது நாமே உளி பிடிப்பானேன்? அந்தந்த ஊர்த் தச்சரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் டூல்கிட்தான் நமக்கு நல்லது.

"தச்சர் அன்னைக்கு லீவுன்னா?" என்று கேட்டார் அண்ணன்.

அவர் கேட்டது நடந்தது. மென்பொருளை டபிள்யூஎக்ஸில் மாற்றி எழுதி, முன்மேசை எக்ஸ்பி கம்ப்யூட்டரில் நிறுவியபோது எல்லாத் தமிழும் கேள்விக்குறிகளாக வந்தது. டபிள்யூஎக்ஸ் அப்போது யூனிகோட், ஆன்சி என்று இரண்டு விதமாகக் கிடைக்கும். நான் கவனிக்காமல் ஆன்சி வகையைக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதைச் சரிசெய்த பிறகும் கொம்பு பின்னாலேயே நின்றது. எக்ஸ்பி-யில் சிக்கலான எழுத்து மொழிகளுக்கான கோப்புகளைத் தனியாக டிக் செய்து நிறுவ வேண்டும், அதற்கு எக்ஸ்பி-யின் சிடி-யைக் கேட்கும். அந்த சிடி நிலையத்தில் யாரிடமும் இல்லை. வீட்டுக்குப் போய் எடுத்து வருவதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். சிடி சுழன்று முடித்து, கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து, கொழுப்பு என்ற சொல் ஒழுங்காக வந்தபோது, அவர் விரலைத் திரையில் வைத்து க-வுக்கு முன்னால் இருந்த கொம்பைத் தொட்டுப் பார்த்தார்.

அக்காவின் விரல்கள் வேறொரு பாடம் சொல்லிக்கொடுத்தன. வரைவது சரியாகிவிட்டது, அடிப்பது ஆகவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் அவருக்குக் கொம்புதான் முதலில் வரும். பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்க உதவும் கருவியைப் போட்டுக்கொடுத்தோம். அது கொம்பை வாங்கி வைத்துக்கொண்டு, க வந்ததும் வரிசையைத் திருப்பி எழுத வேண்டும். ஒரு கணம் எந்த மெய்யும் இல்லாத கொம்பு மட்டும் திரையில் காத்திருக்கும். இன்னும் முடியாத எழுத்து அது. முடியாத எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாத டூல்கிட்டில் கொம்பு தொலைந்துபோகும், அல்லது இரண்டு கொம்பு வரும். டூல்கிட்டுகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் வேகத்தை அளக்கிறார்கள், நினைவகத்தை அளக்கிறார்கள். அடித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிற்கிற எழுத்தை அது எப்படி நடத்துகிறது என்று எழுதி நான் பார்த்ததில்லை. சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடு. நமக்கும்தான்.

இன்னொன்று இடம். அண்ணன் விஷுவல் பேசிக்கில் பட்டன்களை எலியால் இழுத்து, இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று வைத்துப் பழகியவர். ஆங்கிலத்தில் 'பிரின்ட்' என்ற ஐந்தெழுத்துக்கு அளந்த பட்டனில் 'அச்சிடுக' என்று போட்டால் 'அச்சி' மட்டும் தெரியும். உயரத்திலும் தட்டும். கொழுப்பின் ழு கீழே இறங்குகிற எழுத்து. ஆங்கிலத்துக்கு அளந்த லேபிளில் அதன் சுழி வெட்டுப்பட்டு ழ என்றே நிற்கும். டபிள்யூஎக்ஸின் சைசர், க்யூடி-யின் லேஅவுட், ஜிடிகே-யின் பெட்டிகள் எல்லாமே இதற்குச் செய்யப்பட்டவை. உள்ளே இருக்கும் எழுத்தைக் கேட்டு, அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு கொடுக்கும். மூன்றில் எது மேல் என்று நாங்கள் ஒருமுறை இரவு பதினொரு மணிவரை பேசியிருக்கிறோம். இப்போது யோசித்தால் மூன்றும் நல்லவை. பிக்சல் கணக்கில் நட்டுவைப்பதுதான் கெட்டது.

அண்ணனின் கட்சிக்கு அப்போது பெரிய முட்டுக்கட்டை உரிமம். விண்டோஸில் க்யூடி ஜிபிஎல் உரிமத்தில் கிடைத்ததே 2005-இல், நான்காம் பதிப்பில்தான். அதன்படி மென்பொருளின் மூலத்தையும் கூடவே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்த்து அந்தப் பணம் கட்டுகிற நிலையில் நாங்கள் இல்லை. க்யூடி-யின் உரிமச் சிக்கல்தான் முன்பு லினக்ஸ் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது. 1996 அக்டோபரில் மாத்தியாஸ் எட்ரிச் க்யூடி-யை வைத்து கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழலை அறிவித்தார். க்யூடி முழுச் சுதந்திரமான மென்பொருள் இல்லை என்ற மனக்குறையில் மறு வருஷம் மிகேல் தெ இகாசாவும் நண்பர்களும் க்னோம் என்ற இன்னொன்றைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஜிடிகே. அந்த ஜிடிகே-யும் வேறொரு உரிமத் தொல்லையிலிருந்து வந்ததுதான். பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் கிம்ப் என்ற பட மென்பொருளை முதலில் மோட்டிஃப் என்ற காசு கொடுத்து வாங்க வேண்டிய டூல்கிட்டில் எழுதியிருந்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டுத் தாங்களே ஒன்றை எழுதினார்கள்.

2008-இல் நோக்கியா க்யூடி-யை வாங்கியது. 2009-இல் 4.5 பதிப்பு எல்ஜிபிஎல் உரிமத்திலும் வந்தது. மூலத்தை மூடி வைத்திருக்கும் மென்பொருளும் நிபந்தனைகளோடு அதைக் காசில்லாமல் பயன்படுத்தலாம். அண்ணன் செய்தியைப் படித்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இப்ப என்ன சொல்ற?" என்றார்.

மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் முழு மென்பொருளையும் க்யூடி-க்கு மாற்றினோம். அதற்குள் நானும் என் கட்சியில் ஒரு ஓட்டையைக் கண்டிருந்தேன். க்யூடி தானே வரைகிறது என்றாலும், எழுத்து விஷயத்தில் அது சோம்பியிருக்கவில்லை. லினக்ஸில் இந்திய எழுத்துகளுக்கான வேலையைத் தானே செய்தது, விண்டோஸில் யூனிஸ்க்ரைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டது. தச்சரிடம் வாங்குவதா, தானே இழைப்பதா என்பதில் இல்லை விஷயம். கொழுப்பு என்ற சொல்லுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்பதில் இருக்கிறது. திரையில் வரைகிற அதே நிரல் தாளிலும் வரையும் என்பது க்யூடி-யில் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் வரையும் கருவியான க்யூபெயின்டருக்கு ஜன்னலும் ஒன்றுதான், பிரின்டரும் ஒன்றுதான். அக்கா திரையில் பார்த்ததைத்தான் வெள்ளைச்சாமி கையில் வாங்கிப்போனார்.

தானே வரைகிற டூல்கிட்டுகள் ஏற்க வேண்டிய பொறுப்பு இன்னொன்றும் உண்டு, அதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கினார், ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அது படத்தைப் பார்ப்பதில்லை, ஜன்னலைப் பார்த்து, "நீ யார், உன்மேல் என்ன எழுதியிருக்கிறது" என்று கேட்கும். விண்டோஸின் பட்டன் தானாகப் பதில் சொல்லும். தானே வரைந்த பட்டனுக்கு அந்தப் பதிலையும் யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் கண் தெரிந்தவனுக்கு அழகான ஜன்னல், மற்றவருக்கு வெறும் சுவர். ஒரு டூல்கிட் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து யாராவது புகழ்ந்தால் எனக்கு இப்போது கோபமே வருகிறது.

எலெக்ட்ரான் வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே கட்சியாகிவிட்டோம். கிட்ஹப் தன் ஆட்டம் எடிட்டருக்காக 2013-இல் தொடங்கியது. ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் குரோமியம் பிரௌசரையே முழுசாக வைத்துக் கட்டுகிற முறை. தமிழ் அதில் முதல் நாளே ஒழுங்காக வந்தது, மறுக்கவில்லை. குரோமியத்தில் எழுத்துக்கு உழைத்தவர்களின் பலன் சும்மா கிடைத்தது. ஆனால் 2 ஜிபி நினைவகம் உள்ள முன்மேசைக் கம்ப்யூட்டரில் அப்படி இரண்டு மென்பொருளைத் திறந்தால் மூன்றாவதற்கு மூச்சு இருக்காது. எழுதுகிறவனுக்கு மிச்சமாகிற நேரத்தை, வரிசையில் நிற்கிற வெள்ளைச்சாமி கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

எழுத்தின் கதை மட்டும் நல்லபடியாக முடிந்தது. க்யூடி, பாங்கோ வழியாக ஜிடிகே, குரோமியம், ஆண்ட்ராய்டு, கூகுளின் ஃப்ளட்டர், ஒன்றோடொன்று போட்டி போடுகிற இவை எல்லாமே இன்று எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகத்திடம் வருகின்றன. பாரசீகத்தில் திறந்த எழுத்து என்று பொருள் வரும்படி பேஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வைத்த பெயர். வலமிருந்து இடம் போகிற எழுத்தில் வளர்ந்த ஒருவரின் உழைப்பில் நம் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. நாங்கள் டீக்கடையில் எந்த டூல்கிட் என்று அடித்துக்கொண்ட அதே வருஷங்களில், எல்லா டூல்கிட்டுக்கும் அடியில் இந்த வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் இப்போது இல்லை. அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். எங்கள் க்யூடி மென்பொருள் இரண்டு பெரிய பதிப்பு தாண்டி இன்னும் ஓடுகிறது.

புதிய டூல்கிட் எது வந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். வெற்று ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் ஒரு பெட்டி வைத்து, கொழுப்பு என்று அடிப்பேன். பிறகு கர்சரைச் சொல்லின் நடுவில் கொண்டுபோய், அது கொம்புக்கும் க-வுக்கும் இடையில் நுழைகிறதா என்று பார்ப்பேன். பேக்ஸ்பேஸ் அடித்து எது எப்படி அழிகிறது என்று பார்ப்பேன். சென்ற மாதம் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஒன்றை இப்படிப் பார்த்தேன். மின்னல் வேகம், சின்னஞ்சிறு கோப்பு. கொம்பு பின்னால் நின்றது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் அக்கா குனிந்து பார்த்த அதே முறிவு, மூன்று வகையிலும்.

அதை எழுதிய இளைஞருக்கு ஒரு குறை மடல் அனுப்பினேன். தவறாக வந்த படம், சரியாக வர வேண்டிய படம் இரண்டையும் சேர்த்திருந்தேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. ஹார்ஃப்பஸ் சேர்க்கும் எண்ணம் இருக்கிறது, ஆனால் தனக்கு அந்த எழுத்து தெரியாது, சரியாக வந்துவிட்டதா என்று தான் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று கேட்டிருந்தார். இரண்டு பத்தி அடித்துப் பார்த்தேன், எனக்கே புரியவில்லை. பேத்தியின் சிலேட்டை வாங்கி, கொ-வை மூன்று படியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே எண் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். 1, கொம்பு. 2, க. 3, கால். சிலேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அதைப் பார்த்து, சத்தமாக, ராகத்தோடு படித்தாள்.